சுலுவை ஏற்ற ஷட்டில் ஏன் வரவில்லை? 'ஸ்டார் ட்ரெக்' ஐந்தாம் கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

1960களில் வந்த அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 'ஸ்டார் ட்ரெக்'கில் ஆல்ஃபா 177 என்று ஒரு கிரகம். பகலில் ஆட்கள் சட்டையோடு நடமாடலாம். பொழுது சாய்ந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 120 டிகிரி வரை இறங்கிவிடும். அந்தக் கிரகத்தின் பாறைகளுக்கு நடுவே விண்கப்பல் அதிகாரி சுலுவும் அவரோடு போன சிலரும் மாட்டிக்கொண்டார்கள். தலைக்கு மேலே, சுற்றுப்பாதையில், நானூறு பேருக்கு மேல் வேலை செய்யும் என்டர்பிரைஸ் கப்பல் நிற்கிறது. ஆனால் கீழே இருப்பவர்களை மேலே கொண்டுவர முடியவில்லை.

குளிர் ஏற ஏற, சுலு கையிலிருக்கும் ஃபேஸர் துப்பாக்கியால் பாறையைச் சுட்டுச் சூடாக்கி அதில் குளிர்காய்கிறார். கப்பலோடு பேசும்போது, ஒரு நீளமான கயிறு கிடைத்தால் அதில் ஒரு பானை சூடான காபியைக் கட்டி இறக்க முடியுமா என்று கேட்கிறார். குளிரில் நடுங்கிக்கொண்டே வேடிக்கையாகப் பேசும் ஒரு நல்ல அதிகாரி. சுலுவாக நடிக்கும் ஜார்ஜ் டக்கெய் அந்த வரியைச் சொல்லும் விதத்தில் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது.

இந்தக் காட்சியில் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் எழுகிறது. கயிறு எதற்கு? கப்பலில்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் சின்ன வண்டியான ஷட்டில் இருக்கிறதே, அதை அனுப்பினால் என்ன?

'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் இத்தனை வருஷமாகச் சுட்டிக்காட்டும் லாஜிக் ஓட்டைகளில் இது முன்வரிசை. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த ஓட்டைக்குப் போவதுதான் வழக்கம். நான் இந்த ஒரு ஓட்டையிலேயே நிற்கப் போகிறேன். அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப வரும் அரைத்த மாவுக் காட்சிகளும் அதன் கதை ஓட்டைகளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது என் எண்ணம். அந்த இடம் இந்தக் கதையில் தெரிகிற மாதிரி வேறெதிலும் தெரியாது.

கதையில் நடப்பது

கதையின் பெயர் 'தி எனிமி விதின்', அதாவது உள்ளிருக்கும் எதிரி. 1966 அக்டோபர் 6, வியாழக்கிழமை, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்தது. ஒளிபரப்பில் ஐந்தாவது. எழுதியவர் ரிச்சர்ட் மேத்திசன், இயக்கியவர் லியோ பென்.

கிரகத்தில் ஃபிஷர் என்ற தொழில்நுட்பர் சரிவில் விழுந்து அடிபடுகிறார். உடுப்பில் மஞ்சள் நிறக் கனிமப் பொடி ஒட்டிக்கொள்கிறது. ஆட்களைக் கரைத்து வேறிடத்துக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் என்ற இயந்திரம் மூலம் அவரை மேலே எடுக்கிறார்கள். அந்தப் பொடியால் இயந்திரத்தில் கோளாறு. அடுத்ததாக மேலே வருபவர் கேப்டன் கிர்க். அவர் இறங்கி நடந்து போன பிறகு, ஆளில்லாத அறையில் இன்னொரு கிர்க் வந்து நிற்கிறான்.

முதலில் வந்தவரிடம் இரக்கமும் நியாயமும் இருக்கின்றன, ஆனால் நேரம் ஆக ஆக ஒரு முடிவும் எடுக்க முடியாமல் தவிக்கிறார். இரண்டாவதாக வந்தவனிடம் வெறியும் ஆசையும் பயமும்தான். ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்துவிட்டார் என்பது, பாதி மனிதரும் பாதி வேற்றுக்கிரகத்தவருமான துணை அதிகாரி ஸ்பாக்குக்குப் புரிகிறது. டிரான்ஸ்போர்ட்டரைத் தொட்டால் எல்லாமே இப்படித்தான் பிரியும் என்பதால் கீழே இருப்பவர்களை மேலே எடுக்க முடியாது. கீழே அனுப்பிய வெப்பக் கருவிகளும் இரண்டிரண்டாகப் போய்ச் சேர்ந்து, வேலை செய்யாமல் கிடக்கின்றன.

இந்த இடத்தில் எழுத்து நன்றாக இருக்கிறது. வெப்பக் கருவியை அனுப்பலாமே என்று நாம் நினைப்பதற்குள் கதையே அதைச் சொல்லி, அது ஏன் உதவாது என்றும் சொல்லிவிடுகிறது. ஒரு கதவை இவ்வளவு கவனமாகத் தாழ்ப்பாள் போட்டவர்கள் பக்கத்திலிருக்கும் பெரிய வாசலை எப்படி விட்டார்கள்?

அன்றைக்கு அந்த வாசல் இல்லை

பதில் தேதியில் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்'கில் என்டர்பிரைஸின் சொந்த ஷட்டில் முதன்முதலாகத் திரையில் தெரிந்தது 'தி கலிலியோ செவன்' என்ற கதையில். அது ஒளிபரப்பானது 1967 ஜனவரி 5. சுலு குளிரில் நடுங்கியதற்குச் சரியாக 13 வாரம் கழித்து.

அக்டோபர் 6 இரவு அந்தக் கதையைப் பார்த்த அமெரிக்க வீடுகளில் யாருக்கும் என்டர்பிரைஸுக்குள் ஷட்டில் என்று ஒன்று இருப்பது தெரியாது. அவர்கள் பார்த்தது டிரான்ஸ்போர்ட்டர் ஒன்றைத்தான். அது பழுதானால் வழியே இல்லை என்றுதான் அவர்கள் பதறியிருப்பார்கள். ஆக, ஒளிபரப்பான அன்று இந்த ஓட்டை இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஷட்டில் வந்து, பின்னோக்கிப் போய் அந்தப் பழைய கதையில் ஓட்டை போட்டது. மறுஒளிபரப்பிலும் வட்டிலும் இணையத்திலும் தொடரை முழுசாகப் பார்க்கிற நமக்கு அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி தெரிகிறது.

சரி, ஷட்டில் ஏன் தாமதமாக வந்தது? காசு. அதற்கு இரண்டாவது காரணம் தேடவே வேண்டாம்.

ஜீன் ராடன்பெர்ரி இந்தத் தொடரை யோசித்தபோது, வாராவாரம் ஒரு புதுக் கிரகத்தில் அவ்வளவு பெரிய கப்பல் இறங்கி ஏறுவதைக் காட்டத் தொலைக்காட்சியின் பட்ஜெட் இடம் கொடுக்காது என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. ஆட்களைக் கரைத்து அனுப்பி, வேறிடத்தில் மறுபடி உருவாக்கும் டிரான்ஸ்போர்ட்டர் அப்படித்தான் வந்தது. அந்த மினுமினுப்பை அலுமினியப் பொடியை ஒளிக்கற்றையில் உதிரவிட்டுப் படம்பிடித்து, நடிகரின் உருவத்தின் மேல் ஒட்டினார்கள். ஒரு கைப்பிடி அலுமினியப் பொடி, ஒரு கப்பல் தரையிறங்கும் செலவை மிச்சம் பிடித்தது.

ஷட்டிலும் கடைசியில் வேறு வழியில்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் மாதிரிகளைப் பெட்டியில் போட்டு விற்கும் ஏஎம்டி என்ற நிறுவனம், தொடரின் கப்பல்களை மாதிரிகளாக விற்கும் உரிமைக்கு ஈடாக, ஆள் ஏறி இறங்கும் அளவிலான ஷட்டிலைத் தன் செலவில் செய்து கொடுத்தது. பொம்மை விற்கும் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும்வரை சுலுவைக் காப்பாற்ற வண்டி இல்லை.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கதைக்கு ஆறேழு நாள் படப்பிடிப்பு, கையில் கிடைக்கும் அரங்கு, கடன் வாங்கிய உடுப்பு என்று ஓட்டிய அந்த ஆட்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் செய்த சமாதானங்கள் எங்கே கதைக்கு உரமானது, எங்கே கதையை அரித்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.

அந்தக் கிளைக்கதையை எடுத்துவிட்டால்?

மேத்திசன் முதலில் எழுதிய கதையில் சுலு குளிரில் மாட்டும் பகுதியே கிடையாது. கிர்க் இரண்டாகப் பிரிவதுதான் அவருடைய கதை. கிரகத்தில் தவிக்கும் ஆட்களைத் திருத்தி எழுதியவர்கள் பிறகு சேர்த்தார்கள். அது தனக்குப் பிடிக்கவில்லை என்று மேத்திசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலக் கதையில் இருந்த இறுக்கம் போய்விட்டது என்பது அவர் குறை.

அப்படியானால் ஷட்டில் ஓட்டையும் அந்தத் திருத்தத்தோடு சேர்ந்து வந்ததுதான். மேத்திசன் எழுதியபடி எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இருந்தாலும் நான் திருத்தியவர்கள் பக்கம்தான் நிற்பேன். நல்ல கிர்க் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறார் என்பதை வெறும் வசனமாகச் சொன்னால் அது மனநல மருத்துவர் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கும். அவர் திணறும் ஒவ்வொரு நிமிடமும் கீழே நாலு பேரின் விரல்கள் விறைக்கின்றன என்றால் அந்தத் திணறல் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. ஸ்பாக் வந்து கேப்டனிடம், உங்கள் ஆட்களிடம் உண்மையைச் சொல்லாதீர்கள், பலவீனமாகத் தெரிந்தால் அதிகாரம் போய்விடும் என்கிறார். கிர்க் கேட்டுக்கொண்டு தலையைப் பிடித்தபடி நிற்கிறார். அந்த நேரத்தில் சுலுவின் குரல் கப்பலுக்குள் வருகிறது, முன்பைவிட மெதுவாக. கிர்க்காக நடிக்கும் ஷாட்னரை மிகை நடிப்புக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். கெட்ட கிர்க்காக அவர் கத்துவது மிகைதான். ஆனால் நல்ல கிர்க்காக ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் அது எங்கே போகிறது என்று தெரியாமல் நிறுத்துகிறாரே, அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

எனவே ஓட்டை விழுந்த இடமும் கதையின் உயிர் இருக்கும் இடமும் ஒன்றேதான். சுலுவின் காபி வரியை மறுபடி கேட்டுப் பாருங்கள். கீழே இறங்க வேறு வழி உண்டா என்ற கேள்வியைக் கதையே கேட்டு, கயிறு என்ற சாத்தியமில்லாத பதிலைச் சொல்லிச் சிரிக்கவைத்து, கடந்து போகிறது. திருத்தி எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வி தெரிந்தே இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாரும் கேட்காத எடைக் கணக்கு

இன்னொரு ஓட்டை இதே கதையில் உண்டு. ஷட்டிலைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனால் அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை.

ஒரு ஆள் இரண்டாகப் பிரிந்தால் ஆளுக்குப் பாதி எடைதானே இருக்க வேண்டும்? இங்கே முழு உடம்போடு இரண்டு கிர்க் நடமாடுகிறார்கள். கிர்க்கின் எடையை 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக ஒரு 75 கிலோவை ஆற்றலிலிருந்து உருவாக்க வேண்டுமென்றால், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஏறக்குறைய 1,600 மெகாடன் வெடிப்புக்குச் சமமான ஆற்றல் தேவை. மனிதர்கள் இதுவரை வெடித்ததிலேயே பெரிய குண்டு 1961இல் சோவியத் ஒன்றியம் வெடித்தது. அதன் அளவு சுமார் 50 மெகாடன். அதைப் போல முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளின் ஆற்றல் டிரான்ஸ்போர்ட்டர் அறைக்குள் சத்தமில்லாமல் வந்து உட்காருகிறது. கதை முடிவில் இருவரும் ஒன்றாகும்போது சத்தமில்லாமல் திரும்பிப் போகிறது.

இது ஏன் நம்மை உறுத்துவதில்லை? கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். விக்கிரமாதித்தன் கிளியின் உடம்புக்குள் போனால் உயிரின் எடை என்ன என்று யாரும் தராசு கொண்டுவருவதில்லை. கதை தொடங்கும்போது ஒரு அதிசயம் கேட்டால் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோம். கொடுத்த அதிசயத்தைக் கதை அப்புறம் மறந்துபோகும்போதுதான் கோபம் வருகிறது.

'ஸ்டார் ட்ரெக்' மறந்துபோகும். ஒரு ஆளை முழுசாக இரண்டாக்க முடியும் என்று அக்டோபரில் தெரிந்துகொண்ட கப்பல், அடுத்த வாரம் அதைப் பற்றி மூச்சு விடாது. அதற்கு முந்தைய வாரம் வந்த 'தி நேக்கட் டைம்' கதையின் முடிவில் கப்பல் 71 மணி நேரம் காலத்தில் பின்னால் போய்விடுகிறது. பின்னோக்கிப் போகும் வழி கைக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த வழி தெரிந்தவர்கள் செத்துப்போன எந்தச் சக ஊழியரையும் மீட்கப் போவதில்லை.

கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. தொடரைத் தயாரித்த டெசிலு ஸ்டுடியோவில் கெல்லம் டிஃபாரெஸ்ட் என்பவர் ஆய்வு அலுவலகம் ஒன்று நடத்தினார். 'ஸ்டார் ட்ரெக்' ஸ்கிரிப்டுகள் அங்கே போய், வரி வரியாகச் சரிபார்க்கப்பட்டு, திருத்தக் குறிப்போடு திரும்பி வரும். ஆனால் அந்தக் காலத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு வாரமும் தனிக் கதை. ஒன்றைத் தவறவிட்டவரும் அடுத்ததைப் பார்க்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே ஒளிபரப்பும் நடக்காது. வழக்கமான கதைகளில் முதலில் படமான 'தி கார்போமைட் மனூவர்', விசேஷக் காட்சிகள் முடியத் தாமதமானதால் நவம்பர் 10 அன்று பத்தாவதாகத்தான் வந்தது. இரண்டாவது முன்னோட்டப் படமோ செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாக வந்தது. அதில் கப்பலின் டாக்டர் மெக்காயே இல்லை, உடுப்புகள் வேறு, கல்லறைக் கல்லில் கேப்டனின் பெயர் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று செதுக்கியிருக்கிறது. பின்னால் அந்த நடு எழுத்து 'டி' ஆகிவிட்டது. இப்படி ஒரு ஏற்பாட்டில் போன வாரம் கண்டுபிடித்ததை இந்த வாரம் நினைவு வைத்திருக்கக் கதைகளுக்கு வழியில்லை.

1993இல் 'ஸ்டார் ட்ரெக்'கின் அடுத்த தலைமுறைத் தொடரில் இதே இரட்டிப்பை மறுபடி தொட்டார்கள். ரைக்கர் என்ற அதிகாரி டிரான்ஸ்போர்ட்டரில் இருவராகி, ஒருவர் எட்டு வருஷம் ஒரு கிரகத்தில் தனியாக விடப்படுகிறார். அங்கே இரண்டாவது ஒரு கற்றை பயன்பட்டது, அது திரும்பி எதிரொளித்தது என்று விளக்கம் சொன்னார்கள். முக்கியமாக, கதை முடிவில் அந்த இரண்டாம் ரைக்கரை அழிக்கவில்லை, ஒன்று சேர்க்கவும் இல்லை. வேறு பெயரோடு அவர் வாழப் போகிறார். நினைவு வைத்துக்கொள்ளும் கதை எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இங்கே பிறந்த வழக்கங்கள்

இப்போது அரைத்த மாவு பக்கம் வருவோம். இந்த ஒரு கதையில் அதற்கான உரல் எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு முதலில் ஒரு விலங்கை இயந்திரத்தில் அனுப்புகிறார்கள். ஒரு சின்ன நாய்க்கு மயிர்த்தோலும் கொம்பும் ஒட்டி வேற்றுக்கிரகப் பிராணியாக்கியிருப்பார்கள். அது ஒன்றாகத் திரும்பி வருகிறது, ஆனால் அசையவில்லை. மெக்காய் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, செத்துப்போச்சு ஜிம், என்று கிர்க்கிடம் சொல்கிறார். பின்னால் அந்தத் தொடரின் அடையாளமாகவே ஆகி, எண்ணற்ற முறை மனிதர்களுக்குச் சொல்லப்பட்ட வாசகம் முதலில் சொல்லப்பட்டது அந்த வேஷம் போட்ட நாய்க்குத்தான்.

கெட்ட கிர்க்கை ஸ்பாக் மடக்க வேண்டிய காட்சி. துப்பாக்கியின் பின்பக்கத்தால் மண்டையில் அடிப்பதாகத்தான் எழுதியிருந்தது. ஸ்பாக் அப்படி அடிக்க மாட்டார் என்று அவராக நடித்த லியனார்ட் நிமோய் சொல்லி, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரல்களால் ஒரு பிடி பிடித்தால் ஆள் சாய்ந்துவிடுவான் என்று செய்து காட்டினார். ஒரு நடிகர் தன் பாத்திரத்தைப் புரிந்துகொண்டதால் வந்த அழகான கண்டுபிடிப்பு அது. ஆனால் அதுவும் டிரான்ஸ்போர்ட்டர் மாதிரியே சர்வசக்தி வாய்ந்த கருவி. விரலால் தொட்டு யாரையும் வீழ்த்தக்கூடிய ஒருவர் கூடவே இருக்கும்போது கேப்டன் சட்டை கிழிய மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் என்ன? அதனால் சண்டை வரும்போதெல்லாம் ஸ்பாக் வேறெங்காவது இருக்க வேண்டியதாயிற்று.

பெரிய உரல் இரட்டைக் கிர்க்தான். அக்டோபர் 6 அன்று இரண்டு கிர்க். இரண்டே வாரத்தில், அக்டோபர் 20 அன்று, கிர்க்கின் உருவத்தில் ஒரு இயந்திர மனிதன். 1967 அக்டோபர் 6 அன்று, சரியாக ஒரு வருஷம் கழித்து, 'மிரர், மிரர்' கதையில் இன்னொரு பிரபஞ்சத்தின் கொடூரமான கிர்க். 1969இல் கிர்க்கின் உருவத்தை எடுத்துக்கொள்ளும் கார்த் என்ற பைத்தியக்காரத் தளபதி. அதே வருஷம் ஜூன் 3 அன்று வந்த 79ஆவது, கடைசிக் கதையில் கிர்க்கின் உடம்புக்குள் வேறொருவரின் மனம். ஒரே நடிகர், கண்ணுக்குக் கொஞ்சம் மை, கீழிருந்து அடிக்கும் விளக்கு. புது விருந்தாளி நடிகரோ, புது அரங்கோ, புது வேஷமோ தேவையில்லை. இதைவிடச் சிக்கனமான வில்லன் கிடைக்க மாட்டான்.

இவற்றுள் 'மிரர், மிரர்' மட்டும் மாவைப் புதிதாக அரைத்தது என்பேன். மற்றவை ஓரளவுதான்.

டிரான்ஸ்போர்ட்டர் பழுதாகும் வழக்கமும் இங்கேதான் வேர்விட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த ஆபத்திலிருந்தும் ஆளைத் தூக்கிவிடலாம் என்றால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வாரமும் முதல் வேலை அந்தக் கருவியை முடக்குவது. ஒரு வாரம் அயனிப் புயல். ஒரு வாரம் கப்பலின் கேடயத்தை இறக்க முடியாத நிலை. பல வாரங்கள், கீழே இறங்கியதுமே யாராவது தகவல் கருவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டும், உண்மைதான். ஆனால் முடக்க மறந்தால் ஓட்டை, முடக்கினால் அரைத்த மாவு. காசில்லாததால் கொடுத்த அளவுக்கு மீறிய வரத்துக்கு எழுதியவர்கள் வாராவாரம் கட்டிய வட்டி அது.

ஷட்டில் வந்த பிறகாவது தீர்ந்ததா? 'தி கலிலியோ செவன்' கதையில் கப்பலின் ஷட்டில் முதன்முதலாகப் பறக்கிறது, உடனே ஒரு கிரகத்தில் போய் விழுகிறது. அதைத் தேட டிரான்ஸ்போர்ட்டர்? சோதனைக்கு அனுப்பிய சடப்பொருள் சிதைந்த நிலையில் வருகிறது என்று அதிகாரி சொல்கிறார், அதனால் முதலில் ஆட்களை இறக்க முடியாது. தேட இரண்டாவது ஷட்டில் போகிறது. அதன் பெயர் கொலம்பஸ். ஆக, டிரான்ஸ்போர்ட்டர் பழுதானபோது ஷட்டில் இல்லை. ஷட்டில் வந்த அன்று ஷட்டிலும் பழுது, டிரான்ஸ்போர்ட்டரும் பழுது. இங்கே ஒரு ஓட்டை கூட இல்லாமல் அடைத்திருக்கிறார்கள், அந்த அடைப்பு வேலைப்பாட்டை நான் மெச்சவே செய்வேன்.

கிர்க் பேசிப் பேசியே கணினியை வெடிக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். லாண்ட்ரு, நோமாட், எம்-5 என்று பெயர்கள் மட்டும் மாறும். அதிலும் கணக்கு இதேதான்: போர்க்காட்சி எடுக்கக் காசு வேண்டும், வாதம் செய்ய ஒரு நடிகர் போதும்.

நாற்பது ஏக்கர்

ஓட்டைகள் எல்லாமே மன்னிக்கத் தக்கவை என்று நான் சொல்லவில்லை. 1966 அக்டோபர் 27 அன்று வந்த 'மிரி' கதை, அச்சு அசலாகப் பூமியைப் போலவே கண்டங்களும் கடல்களும் கொண்ட ஒரு கிரகத்தோடு தொடங்குகிறது. எல்லாரும் வியந்து பார்க்கிறார்கள். அப்புறம் கதை முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் அந்தக் கிரகம் பூமியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கதைக்கும் அது தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது படப்பிடிப்புக்கு. கல்வர் சிட்டியில் டெசிலுவுக்கு 'நாற்பது ஏக்கர்' என்று அழைக்கப்பட்ட திறந்தவெளி அரங்கு இருந்தது. அங்கே அமெரிக்கச் சிற்றூர்த் தெரு ஒன்று தயாராக நின்றது. ராடன்பெர்ரி 1964இல் தொடருக்கு எழுதிய முன்மொழிவிலேயே, பூமியைப் போன்ற உலகங்கள் என்ற யோசனை இருக்கும் அரங்குகளைப் பயன்படுத்த உதவும் என்பதை மறைக்காமல் சொல்லியிருந்தார்.

அதே தெருவில்தான் 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' படமானது. 1967 ஏப்ரல் 6 அன்று வந்து, அடுத்த வருஷம் ஹியூகோ விருது வாங்கிய கதை. கிர்க்கும் அவர் காதலிக்கும் எடித் கீலரும் இரவில் கைகோத்து நடக்கும்போது பின்னால் ஒரு முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகை தெரியும்: ஃப்ளாய்ட்ஸ். அது அந்தக் காலத்தில் புகழ்பெற்ற ஒரு நகைச்சுவைத் தொடரின் கடை. அந்தத் தொடரைத் தெரிந்தவருக்கு அது கண்ணில் பட்டுவிடும். பட்டாலும் எடித் சாகப் போகிறாளே என்ற பதைப்பில் பலகையை நினைக்க நேரமிருக்காது. ஒரே தெரு, ஒரே சிக்கனம். 'மிரி'யில் அது கதையில் ஒட்டாமல் கிடக்கிறது. இங்கே 1930களின் நியூயார்க்காகி நெஞ்சை அறுக்கிறது.

பட்டியலில் வராத ஓட்டை

'தி எனிமி விதின்' கதைக்குத் திரும்புகிறேன். ஓட்டைப் பட்டியல்களில் அவ்வளவாக இடம்பெறாத ஒன்று அதில் இருக்கிறது. எனக்கு ஷட்டிலைவிட அதுதான் பெரிது.

கெட்ட கிர்க் கப்பலில் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, கேப்டனின் உதவியாளரான யோமன் ஜானிஸ் ராண்டின் அறைக்குள் போய் அவரிடம் அத்துமீற முயல்வது. ராண்ட் அவன் முகத்தைக் கீறித் தப்பிக்கிறார். பிறகு கிர்க், ஸ்பாக், மெக்காய் மூவர் முன்னால் உட்கார்ந்து அழுகையோடு நடந்ததைச் சொல்கிறார். கேப்டன் என்பதால் புகார் சொல்லவே தயங்கினேன் என்ற பொருளில் அவர் பேசும் அந்தக் காட்சி 1966க்கு மிகவும் துணிச்சலானது. ராண்டாக வரும் கிரேஸ் லீ விட்னி அதை உள்ளம் நடுங்க நடித்திருக்கிறார்.

எல்லாம் சரியான பிறகு, கப்பலின் மேல்தளத்தில், ஸ்பாக் ராண்டிடம் போய், அந்தப் போலி கேப்டனிடம் சில சுவாரசியமான குணங்கள் இருந்தன இல்லையா என்ற மாதிரி ஒன்றைச் சொல்கிறார். கதை அதோடு முடிகிறது.

அந்த ஒரு வரி அதுவரை கதை சேர்த்துவைத்த எல்லாவற்றையும் உடைக்கிறது. உணர்ச்சியை மதிக்கத் தெரியாதவர் ஸ்பாக் என்று சமாதானம் சொல்ல முடியாது. சற்று முன்புதான் அவர் கேப்டனின் வேதனையைப் பார்த்து, எனக்குள்ளும் இரண்டு பாதிகள் சண்டை போடுகின்றன என்று மனம் திறந்து பேசியவர். அந்த ஸ்பாக் இந்த வரியைச் சொல்ல மாட்டார். மண்டையில் அடிக்க மாட்டார் என்று நிமோய் மறுத்ததைப் போல இதையும் யாராவது மறுத்திருக்க வேண்டும். பல வருஷம் கழித்து விட்னி தன் சுயசரிதையில் அந்த வரி எவ்வளவு குரூரமானது என்று எழுதினார்.

ஷட்டிலுக்குப் பணம் வேண்டியிருந்தது, ஒப்பந்தம் வேண்டியிருந்தது. இந்த வரியை அடிக்க ஒரு பேனா போதும். பட்ஜெட்டின்மேல் போட முடியாத பழி இது ஒன்றுதான்.

விட்னி அந்த முதல் பருவத்தின் பாதியிலேயே தொடரிலிருந்து போய்விட்டார். ராண்ட் ஏன் காணவில்லை என்று கதையில் யாரும் கேட்கவில்லை. 1979இல் 'ஸ்டார் ட்ரெக்' பெரிய திரைக்கு வந்தபோது அவரைத் திரும்ப அழைத்தார்கள். அந்தப் படத்தில் ராண்ட் டிரான்ஸ்போர்ட்டரை இயக்குபவர். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த இயந்திரம் மறுபடி பழுதாகிறது. மேலே வந்துகொண்டிருந்த இருவர் பாதி வழியில் உருக்குலைந்து இறந்துபோகிறார்கள். ராண்ட் உறைந்துபோய் நிற்கிறார். கிர்க் அவரிடம், உன்னால் எதுவும் செய்திருக்க முடியாது ராண்ட், இது உன் தவறில்லை, என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போகிறார்.